கடவுச்சொல்லும் உரிமையும்

புணேயை அடுத்த லோஹேகாவில் அளக்கப்படும் வெப்பமும் மழையும், பிற நிலையங்களின் அளவுகளைப் போலவே, இன்று கணிப்பொறித் தரவுத்தளங்களில் சேமிக்கப்படுகின்றன. இத்தகைய தளமொன்றில் கடவுச்சொல்லை மாற்றியபின் பதிவு நின்றுவிடின் செய்யத்தக்கது யாது?

முதலில் பிழைச்செய்தியை நோக்குக. நுழையும்போதே மறுப்பு எழுந்தால் குறை பெரும்பாலும் கடவுச்சொல்லில் உள்ளது; நுழைந்தபின் எழுந்தால் உரிமையில் உள்ளது. கடவுச்சொல் இன்னார் என்பதை உறுதி செய்கிறது. உரிமையோ அவர் செய்யத்தக்கதை வரையறுக்கிறது.

தானே இயங்கும் நிரலில் பழைய சொல்லே எழுதப்பட்டிருக்கலாம். முன்பே திறந்துள்ள தொடர்பு சொல் மாறியபின்னும் நீடிக்குமாதலால், இக்குறை சில நாள் கழித்தே வெளிப்படுவதுண்டு. மேலும், மைஎஸ்கியூஎல் தளத்தில் பெயரும், தொடர்பு கொள்ளும் கணிப்பொறியும் சேர்ந்ததே ஒரு கணக்கு. ஒரே பெயரில் இரு கணக்குகள் இருப்பின், ஒன்றன் சொல்லை மாற்றுவதால் மற்றொன்று மாறாது.

உரிமைக் குறையாயின், 'கிராண்ட்' கட்டளையால் அப்பணிக்கு வேண்டிய உரிமையை மட்டும் அளிக்க. எல்லா உரிமையும் அளித்தால் தொல்லை உடனே நீங்கும். ஆனால் பின்னர் ஒரு தவறான கட்டளையே பல்லாண்டுப் பதிவை அழித்துவிடக் கூடும். பெய்த மழையை மீண்டும் அளக்க இயலாதன்றோ!