வீட்டுத் திண்ணையில் முதற்பாடம்

பிள்ளைக்கு எழுத்தறிவிப்பது பள்ளிக்கூடத்தின் வேலை என்று செஞ்சியை அடுத்த வல்லம் வட்டாரத்து அங்கத்தினருள் பலர் கருதக்கூடும். வயலிலும் தறியிலும் பொழுதெல்லாம் உழைத்து வீடு திரும்பும் பெற்றோர் அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயினும் அவ்வெண்ணம் எத்துணை இடருடையது என்பதை அண்மைக்காலம் நமக்கு உணர்த்திவிட்டது.

2020 மார்ச்சில் கொரோனா நோயால் மூடப்பட்ட தமிழகப் பள்ளிகள், 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் நாளில்தான் மீண்டும் திறந்தன. ஐந்து வயதில் பள்ளி செல்ல வேண்டிய குழந்தை, ஆறரை வயது கடந்த பின்னரே அதன் வாயிலை மிதித்தது. இக்குறையை நீக்க அரசு வகுத்த 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டம், நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27இல் தொடங்கப்பெற்றது. தன்னார்வலர்கள் மாலை வேளையில் பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொன்னார்கள். பள்ளிக் கதவு சாத்தப்பட்டால் பிள்ளைக்குத் துணை வீடும் தெருவுமே என்பது இதனால் விளங்கும்.

"நாமே படியாதவர்கள், எங்ஙனம் கற்பிப்போம்?" எனச் சிலர் கேட்கலாம். பிள்ளை உரக்கப் படிக்கும்போது அருகமர்ந்து கேட்பதற்குப் படிப்பு வேண்டுவதில்லை. பாட்டி சொல்லும் கதையும் வீண்போகாது. காதால் அறிந்த சொல்லைக் கண் விரைவில் இனங்கண்டுகொள்ளும்.

எழுத்தறிந்தோர் செய்யத்தக்கன சில உள. 247 எழுத்தென்று குழந்தையை அச்சுறுத்தலாகாது. மெய் 18ஐப் பாவாகவும், உயிர் 12ஐ ஊடையாகவும் கொண்டால், உயிர்மெய் 216உம் அவ்விரண்டும் சேர்ந்த நெசவே என்பது நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு எளிதில் புரியும். எழுதுதற்கு எளிய ட, ப, ம ஆகியவற்றை மணலில் விரலால் எழுதச் செய்க. மல்லாட்டைப் பருப்பை அடுக்கியும் உருவாக்கலாம். உடனே படம், மடம், பட்டம் என்று சொற்களைக் காட்டுக. துணைக்காலைச் சேர்த்தால் பாடம், மாடம் எனச் சொற்கள் பெருகும். எழுத்துக்கு முன்னே நின்று பின்னே ஒலிக்கும் கொம்பில் பிள்ளைகள் இடறுவர். அங்கே பொறுமை வேண்டும்.

பேச்சில் 'எல' என்பது ஏட்டில் 'இலை'. பிள்ளை 'எல' என்று படித்தால் அதட்டற்க. பொருள் அதற்கு விளங்கிவிட்டது. 'இலை' என்று ஒருமுறை நாம் படித்துக் காட்டினால் போதும். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் பயின்ற முதியோர், லை, னை, றா போன்றவற்றைப் பழைய வடிவில் எழுதக்கூடும். "இது தாத்தா காலத்து எழுத்து, இது உன் எழுத்து" என இரண்டையும் காட்டினால் குழப்பம் நேராது.

புத்தகம் வாங்க இயலாத வீட்டிலும் அச்செழுத்துக்குப் பஞ்சமில்லை. உரமூட்டையும் நாட்காட்டியும் பாடமாகும். பேருந்தின் நெற்றியிலுள்ள செஞ்சி, திண்டிவனம், திருவண்ணாமலை என்னும் ஊர்ப்பெயர்களும் பாடமே. நாள்தோறும் கால்மணி நேரம் போதும். அதனை மகனுக்கும் மகளுக்கும் ஒப்ப அளித்தல் வேண்டும். அடியும் வசையும் கூடவே கூடா. அஞ்சிய பிள்ளை மனப்பாடம் செய்யுமேயன்றிப் படிக்கக் கற்காது.

கூட்டுறவு என்பது அங்கத்தினர் கணக்கறிந்து நடத்தும் நிறுவனம். ரசீதைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்டுப் பெருவிரல் பதிப்பவர், தமக்குரிய தொகை அதில் உள்ளதா என்று எவ்வாறு அறிவார்? இன்று திண்ணையில் 'படம்' படிக்கும் குழந்தையே நாளை நம் சங்கத்தின் வரவு செலவைப் படித்துக் கேள்வி கேட்கப்போகும் அங்கத்தினர். இன்று மாலையே அக்கால்மணி நேரத்தை அதற்கென ஒதுக்குவோமாக.