குழந்தை வாய் திறக்கும்போது கேட்க ஆள் வேண்டும்

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. பெயரில் போலி முகாம் ஒன்று நடந்தது. அங்கே 13 வயது மாணவி ஒருவர் பாலியல் கொடுமைக்கு ஆளானார். பள்ளி முதல்வரிடம் சொன்னபோது, வெளியே சொல்ல வேண்டாம் என்று அவரை அடக்கிவிட்டார்கள் என்பது புகார். முகாம் நடத்தியவரோடு முதல்வரும் கைதானார். 2021 நவம்பரில் கோவையில் 12-ஆம் வகுப்பு மாணவி உயிரை மாய்த்துக்கொண்ட வழக்கிலும், ஆசிரியரின் தொல்லை பற்றித் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லவில்லை என்று பள்ளி முதல்வர் கைது செய்யப்பட்டார்.

பிள்ளைகள் எதையும் சொல்வதில்லை என்று பெரியவர்கள் அடிக்கடி குறைப்படுகிறோம். பர்கூர் பிள்ளை சொன்னாள். கேட்டவர்கள் பள்ளியின் பெயரைக் காப்பாற்றப் பார்த்தார்கள். பள்ளியில் உளவியல் ஆலோசகர் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

சென்னைப் பெருங்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகளில் அப்பா அம்மா இருவரும் வேலை பார்க்கும் வீடுகளில், பள்ளி விட்டதும் பிள்ளை வேனிலும் டியூஷனிலும் டே கேரிலும் இருக்கிறது. கட்டடத் தொழிலாளர்களின் பிள்ளைகள் வேலை முடிந்து பெற்றோர் திரும்பும்வரை அக்கம்பக்கத்தார் பார்வையில் வளர்கிறார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்ட வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர். வீட்டில் சொல்ல முடியாத பிள்ளைக்கு மிச்சமிருக்கும் ஒரே இடம் பள்ளிதான்.

பாதிக்கப்பட்ட குழந்தைக்குத் திடீரென்று மதிப்பெண் சரியும். காரணமில்லாமல் வயிறு வலிக்கும். குறிப்பிட்ட ஒருவர் வீட்டுக்கு மட்டும் போக மாட்டேன் என்று அழும். நாற்பது பிள்ளைகளைச் சமாளிக்கும் வகுப்பாசிரியருக்கு இது அடமாகத் தெரியலாம். பயிற்சி பெற்ற ஆலோசகர் உட்கார வைத்துப் பேசுவார். "மாமாதானே செஞ்சார்?" என்று பதிலை வாயில் திணிக்காமல், "அப்புறம் என்ன ஆச்சும்மா?" என்று விட்டுப் பிடிப்பார். குழந்தை சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதி வைப்பார். தலைமையாசிரியர் முன்னால் ஒரு தடவை, தாளாளர் முன்னால் ஒரு தடவை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைக்க விடமாட்டார். அந்த மறுவிசாரணை பிள்ளைக்கு இன்னொரு காயம், வழக்கையும் கெடுக்கும்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்" என்று குழந்தை கெஞ்சும். ஆலோசகருக்கு மிகக் கடினமான நேரம் இதுதான். ரகசியம் காப்பேன் என்று அவர் சத்தியம் செய்ய முடியாது. 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தாலோ நடக்கலாம் என்று அஞ்சினாலோ காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆலோசகருக்கு விலக்கில்லை, நிர்வாகத்தின் அனுமதியும் தேவையில்லை. சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் வரக்கூடாது. குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ கேட்கலாம். இதையெல்லாம் குழந்தைக்குப் புரியும்படி முன்கூட்டியே சொல்லி, பயத்தைத் தணித்து, கூடவே நிற்பது ஆலோசகரின் வேலை. உண்மையா பொய்யா என்று தீர்ப்பதும், இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசுவதும் அவர் வேலை அல்ல.

தடுப்பு இதற்கும் முன்னால் தொடங்குகிறது. சென்னையில் 2004-இல் தொடங்கிய துளிர் அமைப்பு, சிறுவர்களுக்குத் தனிநபர் பாதுகாப்புக் கல்வி தருவதைப் பல ஆண்டுகளாக வலியுறுத்துகிறது. உடல் உறுப்புகளின் பெயர், எந்தத் தொடுதல் தவறு, யாரிடம் சொல்வது ஆகியவற்றை வகுப்பில் சாதாரணமாகப் பேசினால், சொல்லத் தேவையான வார்த்தைகள் குழந்தையிடம் ஏற்கெனவே இருக்கும்.

2021-இல் சென்னைப் பள்ளிகளைப் பற்றிப் புகார்கள் அடுத்தடுத்து வெளிவந்தபின், பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்கத் தமிழக அரசு உத்தரவிட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் குழு மாதத்துக்கு ஒருமுறை கூடலாம். குழந்தைக்குத் தேவை தினமும் கண்ணில் படும் ஒரு முகம். அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்று பரிந்துரைக்கிறது. அந்த அளவை இங்கே உடனே எட்ட முடியாது. ஆனாலும் கணக்கு டீச்சரையே கூடுதல் பொறுப்பில் கவுன்சலர் ஆக்குவதை ஏற்க முடியாது. சம்பளம் தரும் நிர்வாகத்துக்கு எதிராகவும் பேசும் சுதந்திரம் ஆலோசகருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். குற்றம் சாட்டப்படுபவர் பள்ளியிலேயே செல்வாக்குள்ள ஆசிரியராக இருக்கும் நாளில் அந்த எழுத்துதான் துணை.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணோடு இதையும் கேளுங்கள்: ஆலோசகர் யார், என்ன பயிற்சி பெற்றவர், வாரத்தில் எத்தனை நாள் இருக்கிறார், புகார் வந்தால் போலீசுக்கு யார் தெரிவிப்பார்? குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இரண்டையும் உங்கள் பிள்ளைக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள்.