துவக்கின் விலை ஒரு தடவை, ரவையின் விலை வாராவாரம்

இப்பத்தியில் வழமையாக சீனி விலை, திரும்பி வரும் காசோலைகள், கடை வாடகை என்றுதான் எழுதி வருகின்றேன். இந்த வாரம் துவக்கைப் பற்றி எழுதுவது சில வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் இருக்கின்றது. வெள்ளவத்தையில் புடைவை வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரின் மகன் மெல்பர்னில் தொழில் பார்க்கின்றார். குறிபார்த்துச் சுடும் கழகம் ஒன்றுக்கு விடுமுறை நாட்களில் போய்ப் பழகியவர், சொந்தமாக ஒரு பொயின்ட் 22 ரைபிள் வாங்க ஆசைப்படுகின்றார். கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை வைத்திருக்கும் இன்னொருவரின் மகள் பாடசாலை எயார் ரைபிள் அணிக்குத் தெரிவாகியிருக்கின்றாள். இறக்குமதிச் சாமான் எதுவென்றாலும் விலை விசாரிக்க என்னிடம் வருவது இருவருக்கும் பழக்கம். "நானா, மலிவாகவும் இருக்க வேண்டும், நேராகவும் சுட வேண்டும். எதை வாங்குவது?" என்பதே இருவரின் கேள்வியும். இருவருக்கும் சேர்த்தே பதில் எழுதுகின்றேன்.

முதலில் சாமானைப் புரிந்துகொள்வோம். பொயின்ட் 22 ரவையை ரிம்பயர் என்பார்கள். பெரிய துவக்குகளின் ரவையில் தீப்பற்றும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் தனிக் குப்பியாக இருக்கும். இதிலோ பித்தளைக் கோதின் அடி விளிம்புக்குள்ளேயே அந்த மருந்து பூசப்பட்டிருக்கும். ஊசி விளிம்பில் அடித்தால் வெடிக்கும். செய்முறை எளிது, அதனால் விலையும் குறைவு. 1887ஆம் ஆண்டு அமெரிக்காவில் அறிமுகமான பொயின்ட் 22 லோங் ரைபிள் என்ற இந்த ரவை இன்றுவரை உலகெங்கும் பயிற்சிக்கும் போட்டிக்கும் பயன்படுகின்றது. ஒலிம்பிக்கில் 50 மீற்றர் ரைபிள் போட்டியும் இதைக் கொண்டுதான் நடக்கின்றது. 2024ஆம் ஆண்டு பாரிஸில் இந்திய ரயில்வே ஊழியரான சுவப்னில் குசாலே வெண்கலம் வென்றது இந்த வகைப் போட்டியில்தான்.

"நேராகச் சுட வேண்டும்" என்று எல்லோரும் சொல்கின்றோம். எவ்வளவு நேராக என்று கேட்டால் பதில் இல்லை. அளவு தெரியாமல் சாமான் வாங்குவது வியாபாரிக்கு அழகல்ல. 50 மீற்றர் இலக்குத் தாளில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீற்றர். ரவையின் விட்டம் 5.6 மில்லிமீற்றர். ரவை வட்டத்தின் கோட்டைத் தொட்டாலே பத்துப் புள்ளி கிடைக்கும். ஆகவே துளைகளின் மையங்கள் எல்லாம் 16 மில்லிமீற்றர் விட்டத்துக்குள் விழுந்து, குறியும் சரியாக நடுவில் இருந்தால், எல்லாம் பத்துதான். 16 மில்லிமீற்றர் என்பது ஏறக்குறைய ஒரு கோட்டுக் கைப் பொத்தானின் அளவு. துவக்கைத் தாங்கியில் வைத்துப் பத்து ரவை சுட்டுப் பார்க்கும்போது துளைகள் அந்தப் பொத்தானுக்குள் அடங்கினால், அந்தத் துவக்கு உங்களுக்குப் போதும். அதற்கு மேல் கொடுக்கும் பணம் உங்கள் கை பழுத்த பிறகு பயன்படலாம், அதற்கு முன் அல்ல.

அந்த அளவைத் தொடும் மலிவான துவக்குகள் இருக்கின்றனவா என்றால், இருக்கின்றன. செக் நாட்டின் சீஸெட் நிறுவனத்தின் 457, அதற்கு முந்திய 455, 452 ஆகியவை பல நாடுகளில் ஆரம்ப நிலைக் கழக உறுப்பினர்களின் தெரிவாக இருந்து வருகின்றன. அமெரிக்காவின் செவேஜ் மார்க் 2 இன்னும் மலிவு. மரவேலை சுமார்தான், ஆனால் குழலும் விசையும் விலைக்கு மிஞ்சியவை. பின்லாந்தின் டிக்கா டி1எக்ஸ் சற்றுக் கூடிய விலை. ஜெர்மனியின் ஆன்ஷூட்ஸ் போட்டித் துவக்குகள் பல ஆயிரம் டொலர், அவை வேறு உலகம். முதல் மூன்று வகையில் எதை வாங்கினாலும் பெரிய தவறு இல்லை என்பது என் கருத்து. அவற்றுக்கிடையே இணையத்தில் இரவு பகலாக நடக்கும் வாக்குவாதத்தை நானும் வாசித்தேன், நேரம் போனதுதான் மிச்சம்.

உண்மையான வித்தியாசம் ரவையில் இருக்கின்றது. கடையில் "அதிவேகம்" என்று எழுதிய பெட்டி கவர்ச்சியாகத் தெரியும். குறிச்சுடுதலுக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. அதிவேக ரவை ஒலியின் வேகத்தைத் தாண்டிப் புறப்பட்டு, வழியில் வேகம் குறைந்து, ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும். அந்த இடத்தில் காற்றின் குழப்பத்தால் ஈயக் குண்டு தடுமாற இடமுண்டு. அதனால்தான் போட்டி ரவைகள் தொடக்கத்திலேயே ஒலியை விடச் சற்றுக் குறைவாக, செக்கனுக்கு சுமார் 330 மீற்றர் அளவில் செய்யப்படுகின்றன. இலக்குத் தாளில் துளை விழ அந்த வேகமே தாராளம்.

அடுத்தது புடைவை வியாபாரிக்கு நன்றாக விளங்கும் விடயம். ஒரே நிற இலக்கம் போட்ட துணியாக இருந்தாலும் சாய லொட் மாறினால் நிறம் மாறும். ஒரே சீருடைக்கு இரண்டு லொட் துணி வெட்டினால் வாடிக்கையாளர் திரும்பி வருவார். ரவையும் அப்படியே. ஒரே பெயர், ஒரே விலை, ஒரே பெட்டி. ஆனால் லொட் இலக்கம் மாறினால் உங்கள் குழலில் அது வேறு விதமாகச் சுடும். ஒரு குழலுக்குப் பிடிக்கும் ரவை பக்கத்துக் குழலுக்குப் பிடிக்காது. இதற்காகவே பெரிய வீரர்கள் துவக்கைத் தொழிற்சாலைக்கே கொண்டுபோய் லொட் லொட்டாகச் சுட்டுப் பார்த்து, பிடித்த லொட்டை மொத்தமாக வாங்குகின்றார்கள். சாதாரணமானவர் செய்யக்கூடியது இதுதான்: நான்கைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, தாங்கியில் வைத்துச் சுட்டு, துளைகள் நெருங்கி விழும் வகையைக் கண்டுபிடித்து, அதே லொட்டில் ஒரு வருடத்துக்கு வேண்டியதைக் கேட்க வேண்டும். 600 டொலர் துவக்கு பொருந்திய ரவையோடு, 1,500 டொலர் துவக்கு பொருந்தாத ரவையோடு சுடுவதை விட நன்றாகச் சுடும்.

இனி கணக்கைப் போடுவோம். வாரத்தில் இரண்டு நாள், நாளொன்றுக்கு 60 ரவை, வருடத்தில் 50 வாரம். 6,000 ரவை. ஐம்பது கொண்ட சாதாரண பயிற்சி ரவைப் பெட்டி வெளிநாட்டில் சுமார் 8 டொலர் என்று வைத்தால் 120 பெட்டிக்கு 960 டொலர். துவக்கின் விலை 600 டொலர், அது குறைந்தது இருபது வருடம் உழைக்கும், அதாவது வருடத்துக்கு 30 டொலர். முப்பதைப் பற்றி மூன்று மாதம் யோசிக்கின்றோம், 960ஐப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. போட்டித் தரமான ரவை பெட்டிக்கு 20 டொலருக்கு மேல். அதை வைத்துப் பயிற்சி செய்தால் செலவு 2,400ஐத் தாண்டும். இதில் கழகச் சந்தா, காதுக்காப்பு, துவக்கை வைக்கும் இரும்புப் பெட்டி எதையும் நான் சேர்க்கவில்லை.

மெல்பர்ன் தம்பிக்கு ஒரு விடயம். அமெரிக்கக் காணொளிகளில் ருகர் 10/22 என்ற துவக்கைத்தான் எல்லோரும் புகழ்கின்றார்கள். 1964 முதல் செய்யப்படும் நல்ல சாமான்தான். ஆனால் அது தானாக அடுத்த ரவையை ஏற்றும் வகை. 1996இல் போர்ட் ஆர்தர் கொலைகளுக்குப் பின் அவுஸ்திரேலியா சட்டத்தை இறுக்கியபோது அந்த வகை ரிம்பயர் துவக்குகள் தனிப் பிரிவுக்குள் போய்விட்டன. சாதாரண விளையாட்டு வீரருக்கு அவை கிடைக்காது. கையால் போல்ட்டை இழுத்து ஏற்றும் வகையே உங்களுக்கு உரியது, குறிச்சுடுதலுக்கும் அதுவே சிறந்தது. பழையதை வாங்கவும் தயங்க வேண்டாம். ஈயக் குண்டும் குறைந்த அழுத்தமும் என்பதால் ரிம்பயர் குழல் இலேசில் தேயாது. குழலின் வாய் விளிம்பில் கீறல் இருக்கின்றதா என்று மட்டும் வெளிச்சத்தில் பாருங்கள். சுத்தம் செய்யும் கம்பியை வாய்ப்பக்கமாக விட்டு உரசிய துவக்கு என்றால் அங்கேதான் கெட்டிருக்கும். பிரித்தானியாவில் இருப்பவர்களும் கடைக்கு முன் கழகத்துக்குப் போக வேண்டும். அங்கு அங்கீகரிக்கப்பட்ட கழகத்தில் குறைந்தது மூன்று மாதத் தகுதிகாண் காலம் முடித்தே முழு உறுப்பினராக முடியும். துவக்குக்குப் பொலிஸாரின் சான்றிதழும் வேண்டும்.

சரி, எமது நாட்டில்? இங்கு கேள்வியே மாறுகின்றது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுபடைக்கலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் அடிப்படைச் சட்டம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது பாரிய குற்றம். அனுமதிப்பத்திரமும் வருடாவருடம் புதுப்பிக்கப்பட வேண்டியது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் உரிமையும் அரசாங்கத்துக்கு உண்டு. தற்பாதுகாப்புக்கென்று தனியாருக்கு வழங்கிய துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி 2024ஆம் ஆண்டு இறுதியில் பாதுகாப்பு அமைச்சு அறிவித்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆகவே பொழுதுபோக்குக்காக கொழும்பில் ஒருவர் சொந்தமாக பொயின்ட் 22 வாங்க நினைப்பது, ஓடுவதற்குப் பாதை இல்லாத ஊரில் பந்தயக் கார் வாங்குவதைப் போன்றது. சுடுவதற்கு இடமும் வேண்டுமல்லவா. இந்தச் சிறிய ரவை ஒன்றரை கிலோமீற்றர் வரை போகக்கூடியது. குருநாகலில் மாமாவின் தென்னந்தோட்டம் இருக்கின்றது, அங்கே சுட்டுப் பழகலாம் என்று பேசுபவர்களுக்கு, தோட்டத்துக்கு அப்பால் யாருடைய முற்றம் இருக்கின்றது என்று கேட்க விரும்புகின்றேன்.

இன்னொன்றையும் மூடி மறைக்காமல் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பின் வீடு வீடாகச் சோதனை நடந்த நாட்களில் சமையலறைக் கத்தியைக் கூட எங்கே வைப்பது என்று பயந்த குடும்பங்கள் எமக்குள் இருந்தன. அந்தப் பயத்தால், மகள் எயார் ரைபிள் அணியில் சேர்வதையே வேண்டாம் என்று சொல்லும் உம்மாமார் இருக்கின்றார்கள். கொட்டாஞ்சேனை நண்பரின் வீட்டிலும் அந்தப் பேச்சு நடந்தது. அவர்களின் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பாடசாலையின் பெயரில், பொறுப்பாசிரியரின் முன்னிலையில், பதிவு செய்த துவக்கில், போட்டிப் பட்டியலில் பெயரோடு சுடும் பிள்ளையைப் போல வெளிப்படையானவர் யார்? ஒளித்து வைக்க அதில் ஒன்றுமே இல்லை. பயந்து ஒதுங்கினால் அந்த இடத்தில் வேறொரு பிள்ளை நிற்கும், அவ்வளவுதான் நடக்கும்.

இந்த விளையாட்டில் எமது நாட்டுக்கும் பெயர் உண்டு. 1994இல் விக்டோரியா பொதுநலவாய விளையாட்டு விழாவில் மாலினி விக்ரமசிங்கவும் புஷ்பமாலி ராமநாயக்கவும் பதக்கம் வென்றார்கள். 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் மங்கள சமரகோன் ரைபிள் பிரிவில் சுட்டார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீற்றர் எயார் ரைபிளில் தெஹானி எகொடவெல பங்குபற்றினார். அதே போட்டியில் இந்தியாவுக்காகச் சுட்டவர்களில் ஒருவர் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன்.

எயார் ரைபிள் என்றவுடன் விளையாட்டுச் சாமான் என்று நினைக்க வேண்டாம். 10 மீற்றர் தூரத்தில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீற்றர் பொட்டு, குண்டூசித் தலையை விடச் சிறியது. அதில் பழகிய கை 50 மீற்றர் ரிம்பயரில் தடுமாறாது. செலவுக் கணக்கோ தலைகீழ். 500 குண்டு கொண்ட டின் ஒன்று வெளிநாட்டில் சுமார் 12 டொலர். அதே 6,000 சுடுகைக்கு 12 டின், 144 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் இது 43,200 ரூபா. ரிம்பயருக்கு இரண்டு இலட்சத்து 88 ஆயிரம். 2022 மார்ச்சில் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360ஐத் தாண்டியதைக் கண்டவர்கள் நாம். முழுக்க முழுக்க இறக்குமதியில் தங்கிய விளையாட்டுக்கு இறங்குபவர் குறைந்த பில்லையே தெரிவு செய்ய வேண்டும்.

ஆகவே கொட்டாஞ்சேனை நண்பர் இப்போது ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. ஒரு வருடம் பிள்ளை பாடசாலைத் துவக்கிலேயே சுடட்டும். வாப்பாவின் பணம் போக வேண்டிய இடம் அளவான சப்பாத்து, பின்னர் அளவெடுத்துத் தைத்த சுடும் அங்கி, நல்ல குண்டு. அங்கி தளர்ந்தால் எவ்வளவு விலையான துவக்கும் ஆடும். ஒரு வருடத்துக்குப் பிறகும் ஆர்வம் குறையாமல், பயிற்றுநரும் சொன்னால், பாவித்த போட்டி எயார் ரைபிள் ஒன்றை கழகத்தின் ஊடாகவோ தேசிய சம்மேளனத்தின் ஊடாகவோ தேடலாம். அப்போது காற்றுக் குப்பியில் பொறித்திருக்கும் திகதியை முதலில் பாருங்கள். ஜெர்மன் தயாரிப்பாளர்கள் பத்து வருடத்துக்கு மேல் அதைப் பாவிக்க வேண்டாம் என்கின்றார்கள். விற்பவர் துவக்கின் மினுக்கத்தைக் காட்டுவார், குப்பியின் திகதியைக் காட்டமாட்டார். புதுக் குப்பியின் விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும்.

வெளிநாட்டிலுள்ள சொந்தக்காரர் வரும்போது பயணப்பொதியில் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லும் எண்ணம் மட்டும் எவருக்கும் வேண்டாம். எயார் ரைபிளாக இருந்தாலும் சரி, அதன் குழல் மட்டுமாக இருந்தாலும் சரி, பாதுகாப்பு அமைச்சிடமிருந்து எழுத்தில் பதில் பெறாமல் பணம் கட்டாதீர்கள். விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் விளக்கம் சொல்லும் நேரத்தில் "எனக்கு அது விளையாட்டுச் சாமான்தானே" என்ற வார்த்தை உதவாது. கடிதத்தின் பிரதி இரண்டு எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள்.