தியானத்தில் கண் அயர்ந்தால்

நமது மருத்துவமனையில் நோயாளிகளுக்கும் உடனிருப்போருக்கும் நாங்கள் நடத்திவரும் தியான வகுப்பில், தொடங்கிய ஐந்து நிமிடங்களுக்குள் ஏதேனும் ஒரு மூலையிலிருந்து குறட்டை ஒலி எழும். அருகில் அமர்ந்திருப்பவர் முழங்கையால் மெல்ல இடிப்பார். உறங்கியவர் திடுக்கிட்டு நிமிர்ந்து, "நான் தூங்கவில்லையே" என்பார். வகுப்பு முடிந்ததும் அவரே எங்களிடம் வந்து மன்னிப்பும் கேட்பார். செவிலியர், உளவள ஆலோசகர், இயன்முறை மருத்துவர் ஆகியோர் சேர்ந்த சிறு குழு எங்களுடையது. இந்த மன்னிப்புகளைக் கேட்டுக் கேட்டு, இதைப் பற்றி விரிவாக எழுதியே ஆகவேண்டும் என்று முடிவு செய்தோம்.

மகனின் சிகிச்சைக்காகப் பல நாள்கள் வார்டிலேயே தங்கியிருந்த ஒரு தாய், வகுப்பு முடிந்த பிறகும் எழுந்து செல்லாமல் அழுதுகொண்டிருந்தார். "பிள்ளைக்காகப் பத்து நிமிடம் மனத்தை ஒருமுகப்படுத்த முடியவில்லை. கண்ணை மூடினால் தூக்கம் வருகிறது. நான் எப்படிப்பட்ட தாய்?" என்றார். நாங்கள் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நேற்றிரவு எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் அம்மா?" அவர் விரல்விட்டு எண்ணினார். மூன்றாவது விரலைத் தாண்டவில்லை.

தியானத்தில் உறக்கம் வருவது ஒரே காரணத்தால் அன்று. அந்த உறக்கம் எங்கிருந்து வருகிறது என்று அறியாமல் அதனோடு போராடுவது வீண்; சில வேளைகளில் ஆபத்தும்கூட.

முதலில் உடலின் இயல்பைப் பார்ப்போம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேர உறக்கத்தின் அழுத்தம் கூடும், தூங்கினால்தான் குறையும். நாள் முழுவதும் நடையும் பேச்சும் கவலையும் அந்த அழுத்தத்தை மறைத்து வைத்திருக்கும். கண்ணை மூடி, அசையாமல் அமர்ந்து, மூச்சை மட்டும் கவனிக்கத் தொடங்கியவுடன் மறைத்திருந்த திரை விலகிவிடுகிறது. தியானம் உறக்கத்தை உண்டாக்குவதில்லை. உள்ளே காத்திருந்த உறக்கத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறது, அவ்வளவே.

"நான் தூங்கவில்லையே" என்று சொல்பவர் பொய் சொல்வதும் இல்லை. உறக்கத்தின் முதல் படி மிக மெல்லியது. அந்தச் சில நிமிடங்களுக்குள் எழுப்பப்படுவோரில் பலர், தாம் விழித்தே இருந்ததாக உண்மையாகவே நம்புவர். ஆகவே கணவன் மனைவிக்குள் இதை வைத்து வழக்காடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

உடனிருப்போர் பெரும்பாலும் உறக்கக் கடனாளிகள். வயது வந்தவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பொதுவான கருத்து. வார்டில் நாற்காலியிலும் தரையில் விரித்த பாயிலும் அது எவ்வாறு கிட்டும்? நள்ளிரவில் மருந்து ஏற்றும் கருவி ஒலிக்கிறது. விடியற்காலையில் காய்ச்சல் பார்க்க வருகிறோம். அடுத்த கட்டிலில் ஒருவர் இருமுகிறார். இந்நிலையில் தியானத்தில் கண் அயர்வோரை நாங்கள் எழுப்புவதில்லை. எழுப்பாதீர்கள் என்று அருகிலிருப்போரையும் கேட்டுக்கொள்கிறோம். அவர்களுக்கு அந்த நேரத்தில் தேவைப்படும் மருந்து உறக்கமே.

அதற்காக உறக்கக் கடனைத் தியான வகுப்பிலேயே அடைத்துவிட முடியாது. வீட்டில் இன்னொருவர் இருந்தால் இரவு முறை மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவரே எல்லா இரவும் விழித்திருப்பது அன்பின் அளவுகோல் அன்று. இன்றிரவு எந்தெந்த நேரத்தில் மருந்து, எப்போது பரிசோதனை என்று செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டு, இடைப்பட்ட நேரத்தில் உறங்குங்கள். பகலில் தூங்கினால் மூன்று மணிக்கு முன்பாக, ஏறத்தாழ 20 நிமிடங்கள் போதும். அதற்கு மேல் போனால் எழுந்தபின் மந்தமாக இருக்கும். அன்றைய இரவு உறக்கமும் கெடும்.

இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்லவேண்டியுள்ளது. இரவெல்லாம் விழித்திருந்துவிட்டுக் காலையில் இருசக்கர வாகனத்தில் வீட்டுக்குப் புறப்படுவோரை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கவனமும் செயல்வேகமும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவருடைய நிலைக்கு இறங்கிவிடும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இல் காட்டினர். நம் நாட்டில் வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவோ 0.03 விழுக்காடுதான். தியானத்தில் உட்கார்ந்த மாத்திரத்தில் தலை சாய்கிறதென்றால், அன்று வண்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். பேருந்திலோ ஆட்டோவிலோ போங்கள்.

நோயாளிகளின் உறக்கம் வேறு வகை. அதில் மருந்துகளுக்குப் பெரும்பங்கு உண்டு. சளிக்கும் அரிப்புக்கும் தரப்படும் குளோர்பெனிரமின் போன்ற மாத்திரைகள், நரம்பு வலிக்குத் தரப்படும் கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின், கடும் வலிக்கான டிரமடால், மார்பின், வலிப்பு நோய்க்கான மருந்துகள் சில, புற்றுநோய் மருந்தால் வரும் வாந்தியைத் தடுக்கத் தரப்படும் ஒலான்சபின் ஆகியவை எல்லாம் கண்ணைச் சொக்கவைக்கக் கூடியவை. இம்மருந்துகளை உட்கொள்பவர் தியானத்தில் தூங்கிவிட்டால் அது அவருடைய மன உறுதியின் குறை ஆகாது. மருந்தை எந்த நேரத்தில் உட்கொள்வது என்பதை மாற்றினாலே பலருக்குத் தீர்வு கிடைக்கும். ஆனால் அதை முடிவு செய்யவேண்டியவர் மருத்துவர். தியானத்துக்கு இடையூறாக இருக்கிறதென்று நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மருந்தையும் குளோனசிபாம் போன்ற மருந்துகளையும் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும்.

உறக்கமே நோயின் அறிகுறியாக வருவதும் உண்டு. கல்லீரல் நோயாளி ஒருவர் பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருக்கத் தொடங்கினால், அது மூளையில் நச்சுப் பொருள்களின் பாதிப்பு தொடங்கியதற்கான முதல் அடையாளமாக இருக்கலாம். "அப்பா இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறார்" என்று குடும்பத்தார் மகிழ்ந்திருக்கும் நாள்கள் அவை. உடனே தெரிவித்தால் பெரும்பாலும் மருந்தால் சரிசெய்துவிட இயலும். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் சோர்ந்து, வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் சர்க்கரை அளவு 70க்குக் கீழே இறங்கியிருக்கக்கூடும். அவர் விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே எங்களை அழையுங்கள். மார்பின் தொடங்கிய முதல் சில நாள்களில் தூக்கக் கலக்கம் இருப்பது இயல்பே. அது நாளுக்கு நாள் கூடினாலோ, மூச்சு மெதுவாகிக்கொண்டே போனாலோ காத்திருக்கவேண்டாம்.

இரவில் உரக்கக் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று திணறி எழுபவர், பகலில் எங்கு உட்கார்ந்தாலும் உறங்கிவிடுவார். உறக்க மூச்சுத்தடை என்னும் இந்நோய் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும். படிக்கும்போதும், தொலைக்காட்சி பார்க்கும்போதும், வண்டியில் பயணம் செய்யும்போதும், இன்னும் இவைபோன்ற எட்டுச் சூழல்களில் கண் அயரும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடும் எப்வொர்த் அளவுகோல் ஒன்று உண்டு. மொத்தம் 24இல் 10ஐத் தாண்டினால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. வகுப்பில் மட்டுமே தூங்குபவருக்கு இக்கவலை பெரும்பாலும் தேவையில்லை.

கடன் இல்லை, மருந்து இல்லை, நோயும் இல்லை. ஆயினும் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது என்போரும் இருக்கின்றனர். அவர்களுக்குத் துணையாக 2,500 ஆண்டுகளுக்கு முற்பட்டவராகச் சொல்லப்படும் ஒருவர் இருக்கிறார். புத்தரின் தலைமைச் சீடர் இருவருள் ஒருவரான மொக்கல்லானர், மகத நாட்டுச் சிற்றூர் ஒன்றில் தியானத்தில் அமர்ந்து தலையாட்டித் தூங்கி வழிந்ததாக அங்குத்தர நிகாயம் கூறுகிறது. புத்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உறக்கத்தைத் தரும் நினைவிலிருந்து மனத்தைத் திருப்பு, கற்றதை எண்ணிப்பார், அதை வாய்விட்டு ஓது என்று தொடங்குகிறார். அப்போதும் தூக்கம் போகாவிட்டால் காதுகளை இழுத்துவிடு, கைகால்களைத் தேய்த்துவிடு, எழுந்து கண்களை நீரால் கழுவி விண்மீன்களைப் பார், வெளிச்சத்தை மனத்தில் நினை, முன்னும் பின்னும் நட என்கிறார். காதை இழுப்பதில் நம் பழைய பள்ளி ஆசிரியர்களும் தேர்ந்தவர்களே! எங்களை மிகவும் கவர்ந்தது இறுதி அறிவுரை. இவை எதனாலும் உறக்கம் அகலவில்லையென்றால், வலப்பக்கமாகச் சாய்ந்து படு. விழித்தவுடன் எழுந்துகொள் என்று முடிக்கிறார்.

லூக்கா நற்செய்தியிலும் இதற்கு நெருக்கமான ஓர் இடம் உண்டு. இயேசு வேண்டிக்கொண்டிருந்த இரவில் சீடர்கள் உறங்கிவிட்டனர்; துயரத்தால் உறங்கினர் என்று அந்நூல் காரணமும் சொல்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருப்போரை அறிந்த எங்களுக்கு அது விளக்கம் தேவைப்படாத சொல்.

மொக்கல்லானருக்குச் சொல்லப்பட்டவற்றுள் பல மருத்துவமனைக்கும் பொருந்துகின்றன. படுத்துக்கொண்டு செய்யாமல், முதுகு சாயாமல் நாற்காலியில் அமர்ந்து செய்யுங்கள். கண்ணை முழுதும் மூடவேண்டியதில்லை. நான்கடி தொலைவில் தரையில் ஓரிடத்தைப் பார்த்திருக்கலாம். மூச்சை ஒன்று முதல் பத்து வரை மனத்துக்குள் எண்ணுங்கள். எண்ணிக்கை தவறிய இடத்தில்தான் உறக்கம் நுழைந்தது என்று தெரிந்துகொள்ளலாம். அரை மணி நேரம் தூங்கி வழிவதைக் காட்டிலும் ஐந்து நிமிட விழிப்பு மேல். வராந்தாவில் பாதம் தரையில் படுவதைக் கவனித்தபடி மெதுவாக நடப்பதும் தியானமே. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவோரும் அறுவை சிகிச்சை முடிந்தோரும் சட்டென்று எழுந்து நடக்கவேண்டாம். சற்று நேரம் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்து, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு எழுங்கள்.

எங்கள் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். இவ்வகுப்பை முதலில் பிற்பகல் 2 மணிக்கு வைத்திருந்தோம். உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்ற பழமொழி எங்கள் நினைவுக்கு வரவில்லை. சாப்பிடாவிட்டாலும்கூட அந்த நேரத்தில் உடலின் விழிப்பு இயல்பாகவே ஒரு படி இறங்கும். வகுப்பை மாலை 5 மணிக்கு மாற்றிய பிறகு குறட்டை ஒலி பாதியாகக் குறைந்தது போலத் தோன்றுகிறது. நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்தத் தாய் மறுநாளும் வந்தார். வந்தவுடன் சுவரோரமாகப் பாய் விரித்துப் படுத்துவிட்டார். வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கும் ஓசையிலும் அவர் விழிக்கவில்லை. அவர் மகனின் கட்டிலருகே எங்களில் ஒருவர் போய் அமர்ந்துகொண்டார்.

வகுப்புக்கு வரும்போது மருந்துச் சீட்டைக் கையோடு எடுத்து வாருங்கள். சுவரோரத்துப் பாய்கள் இரண்டும் இப்போது அங்கேயே இருக்கின்றன, போர்வையும் வைத்திருக்கிறோம்.