இலை கருகினால் களை செத்துவிட்டதா?

மழை பெய்து ஓய்ந்து ஒரு வாரம் கழித்து உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். துவைகல்லின் ஓரம், கிணற்றடி, மதிற்சுவரின் அடி, சிமெண்டுத் தளத்தின் வெடிப்பு என்று எங்கெல்லாம் கைப்பிடி மண் தேங்கியிருக்கிறதோ, அங்கெல்லாம் ஏதாவதொரு பச்சை தலை நீட்டியிருக்கும். குப்பைமேனி, கீழாநெல்லி, அருகு, கோரை, நாயுருவி எல்லாம் யாரும் விதைக்காமல், யாரும் நீர் ஊற்றாமல் வளர்பவை. கீழாநெல்லியைக் களை என்று சொன்னால் உங்கள் பாட்டி சண்டைக்கு வரக்கூடும். அவர் சொல்வதும் சரிதான். நாம் விரும்பாத இடத்தில் முளைத்த செடி என்பதைத் தவிர, களைக்கு வேறு இலக்கணம் கிடையாது.

இவற்றை ஒழிக்கக் கடையில் விற்கும் களைக்கொல்லி எதற்கு, அடுக்களையில் இருக்கும் பொருள்களே போதுமே என்று சொல்பவர்கள் உண்டு. வினிகர், சோப்பு, உப்பு, கொதிநீர் ஆகியவைதாம் அந்தப் பொருள்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று பார்ப்போமா?

வினிகரும் சோப்பும்

சமையலுக்கு வாங்கும் வினிகரில் 100 பங்குக்கு ஏறத்தாழ 4 அல்லது 5 பங்கு அசெட்டிக் அமிலம் இருக்கிறது. மற்றது பெரும்பாலும் நீரே. இந்த அமிலம் இலையிலுள்ள செல்களின் சவ்வைச் சிதைக்கிறது. சவ்வு சிதைந்தால் செல்லுக்குள் இருக்கும் நீர் கசிந்து வெளியேறிவிடும். நல்ல வெயில் நாளில் காலையில் தெளித்த இளஞ்செடி மாலைக்குள் வாடிப் பழுப்பேறிவிடும்.

ஆனால் இலைக்கும் ஒரு கவசம் உண்டு. சேம்பு இலையில் நீர்த்துளி முத்துப்போல் உருண்டோடுவதைப் பார்த்திருப்பீர்கள். பல இலைகளின் மேல் மெல்லிய மெழுகுப் படலம் இருக்கிறது. அதன்மேல் தெளித்த வினிகர் ஒட்டாமல் வழிந்துவிடும். இங்கேதான் சோப்பு உதவுகிறது. சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், துளி உருளாமல் இலைமேல் பரவிப் படிகிறது. 1 லிட்டர் வினிகருக்கு ஒரு தேக்கரண்டி திரவச் சோப்பு போதும். கொல்லும் வேலை சோப்பினுடையதன்று. கொல்லும் பொருளுக்கு வழிவிடுவதே அதன் வேலை.

இதை முறையாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பெல்ட்ஸ்வில் என்ற ஊரிலுள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானிகள் பல செறிவுகளில் வினிகரைத் தெளித்துப் பார்த்து, 2002-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். 5 சதவீதமும் 10 சதவீதமும், முளைத்து இரண்டு வாரம் ஆகாத இளங்களைகளைக் கொன்றன. அதற்கு மேல் வளர்ந்தவற்றுக்குச் செறிவைக் கூட்ட வேண்டியிருந்தது. 20 சதவீதம் என்றால் பெரிய களைகளும் பெரும்பாலும் மடிந்தன. ஆனால் 20 சதவீத அசெட்டிக் அமிலம் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, தோலையும் பொசுக்கும். வீட்டில் அதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

கடப்பைக் கல் பாவிய முற்றத்திலும் கவனம் தேவை. கடப்பைக் கல் ஒருவகைச் சுண்ணாம்புக் கல். அமிலம் பட்டால் நுரைத்து அரிபடும்; பளபளப்புப் போய்விடும்.

நிலத்தடிக் களஞ்சியம்

வினிகர் பட்ட இடத்தைத்தான் கருக்குகிறது; செடிக்குள் பயணம் செய்து வேருக்குப் போவதில்லை. விதையிலிருந்து இப்போதுதான் எழுந்த குப்பைமேனிக்குச் சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது. இலை போனால் அதன் கதை முடிந்தது. கோரையின் கதையே வேறு.

லெராய் ஹோம் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் உலகின் மிக மோசமான களைகளைப் பற்றி 1977-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அதில் முதலிடம் பெற்றது நம் வீட்டுக் கோரைதான்! 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் அது களையாக இருக்கிறது. ஒரு கோரைப் புல்லைப் பிடுங்கிப் பாருங்கள். இலை கையோடு வரும், கிழங்கு மண்ணிலேயே இருக்கும். மண்வெட்டியால் தோண்டினால் ஒரு கிழங்கிலிருந்து நூல்போல ஒரு தண்டு, அதன் முனையில் இன்னொரு கிழங்கு, அங்கிருந்து மற்றொன்று என்று சங்கிலியாகத் தொடர்வதைக் காணலாம். நலங்கு மாவில் வாசனைக்குச் சேர்க்கும் கோரைக்கிழங்கு இதுவேதான்.

இந்தக் கிழங்கு ஒவ்வொன்றும் மாவுச்சத்தை அடைத்து வைத்த களஞ்சியம். மேலே இலை கருகினால், கிழங்கிலுள்ள மொட்டு சேமிப்பை எடுத்துச் செலவழித்துப் புது இலையை அனுப்பும். புது இலை வெயிலில் உணவு தயாரித்துக் களஞ்சியத்தை மறுபடி நிரப்பும். ஆகவே ஒருமுறை தெளித்து, கருகியதைப் பார்த்து மகிழ்ந்துவிட்டுப் போனால் பயனில்லை. இலை எழும்ப எழும்ப, களஞ்சியம் நிரம்புமுன் அழித்துக்கொண்டே வந்தால் கிழங்கு இளைக்கும். அதைவிட நல்லது, களைக்கொத்தியால் கிழங்கோடு கிளறி வெயிலில் போடுவது. நன்றாகக் காய்ந்த கிழங்கு முளைப்பதில்லை. உழவர்கள் கோடை உழவு செய்வதன் பயன்களில் இதுவும் ஒன்று.

உப்பு போகுமிடம்

மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவி வைத்தால் சற்று நேரத்தில் நீர் விடுகிறதல்லவா? செல்லுக்கு வெளியே உப்பின் செறிவு மிகுந்தால், சவ்வூடு பரவல் காரணமாக உள்ளேயிருக்கும் நீர் வெளியே வருகிறது. ஊறுகாய்க்கு நடப்பதுதான் உப்புநீர் தெளித்த களைக்கும் நடக்கிறது.

1955-ஆம் ஆண்டு வாக்கில் புனேயில் கவனிக்கப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவிய பார்த்தீனியத்துக்கு இம்முறையை வேளாண் அறிஞர்களே பரிந்துரைத்திருக்கிறார்கள். 1 லிட்டர் நீரில் 200 கிராம் சமையல் உப்பையும் சிறிது சோப்புக் கரைசலையும் கலந்து, பூப்பதற்கு முன் தெளிக்க வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொன்ன முறை. (பார்த்தீனியத்தை வெறுங்கையால் தொடாதீர்கள், பலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் உண்டாகும்.) ஆனால் அந்தப் பரிந்துரை பயிரில்லாத நிலத்துக்கு மட்டுமே. பலர் மறந்துவிடுவது இந்தச் சொல்லைத்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் ஒரு லிட்டர் தெளித்தால் ஓராண்டில் 2 கிலோ 400 கிராம் உப்பு உங்கள் கொல்லையில் இறங்குகிறது. வினிகரின் அமிலத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று, கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடும். உப்பைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர் எதுவும் இல்லை. மழையில் கரைந்து இடம் மாறும், அவ்வளவுதான். கிணற்றடியில் தெளித்தால் கிணற்றுக்கே போய்ச் சேரலாம். இருந்த இடத்திலேயே தங்கினாலோ, மண் ஈரமாக இருந்தும் வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதோடு சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துவிடுவதால் மண் இறுகி, மேலே ஓடு கட்டி, மழைநீர் உள்ளே இறங்காமல் போகும். களை போன இடத்தில் மல்லிகையும் கறிவேப்பிலையும் கருகுவதற்கு இதுதான் காரணம். சுவரோரம் தெளித்தால் செங்கல்லில் உப்புப் பூத்துக் காரை உதிரும்.

தென்னங்கன்று நடும் குழியில் உப்புப் போடுகிறார்களே என்று கேட்பீர்கள். தென்னை கடலோரத்து மரம். குளோரின் அதற்கு வேண்டிய சத்துகளில் ஒன்று. அந்தத் தாங்கும் சக்தி மல்லிகைக்கு இல்லை.

எனவே வீட்டைச் சுற்றி உப்பைத் தொடாமலிருப்பதே நல்லது என்பது என் எண்ணம். தள வெடிப்புகளிலுள்ள இளஞ்செடிகளுக்குக் கொதிநீரே போதும். செல்லின் புரதங்களைச் சூடு கெடுத்துவிடும். பின்னால் தங்குவது வெறும் நீர். மண்ணில் ஊற்றினால் மட்டும் மண்புழுவும் சேர்ந்து வெந்துபோகும். கொதிநீரைப் பெரியவர்களைக் கொண்டு ஊற்றச் செய்யுங்கள். இன்னொன்று: தரை துடைக்கும் பிளீச்சிங் பவுடர் தூவிய இடத்தில் வினிகரைத் தெளிக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அது நச்சு வாயு.

நீங்களே செய்து பாருங்கள்

மூன்று கொட்டாங்கச்சிகளில், கண்ணைத் துளைத்து ஓட்டையிட்டு, ஒரே தோட்டத்து மண்ணை நிரப்புங்கள். முதலாவதில் அரைக் குவளை வெறும் நீர் ஊற்றுங்கள். இரண்டாவதில் இரண்டு தேக்கரண்டி வினிகர் கலந்த அரைக் குவளை நீர். மூன்றாவதில் ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்த அரைக் குவளை நீர். இரண்டு வாரம் மழை படாமல் வைத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் பத்துப் பச்சைப் பயறு விதைத்து, வெறும் நீரை அளவாகத் தெளித்து வாருங்கள். எதில் எத்தனை முளைக்கின்றன என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்றாவது கொட்டாங்கச்சியில் மட்டும் நாள்தோறும் ஒரு குவளை நீர் ஊற்றி ஓட்டை வழியே வடியவிட்டு, நாலைந்து நாளுக்கொருமுறை புதுப் பயறு போட்டு வாருங்கள். எத்தனையாவது குவளைக்குப் பின் முதல் பயறு முளைக்கிறது?