டிராம் பாதையில் விழிப்பு

சென்னை மாநகரில் 1895-ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய மின்சார டிராம் வண்டிகள் 1953-ஆம் ஆண்டில் நின்றுபோயின. பம்பாயில் 1964-இல் நின்றன. கொல்கத்தாவிலோ 1902-இல் மின்சாரத்தால் இயங்கத் தொடங்கிய டிராம் இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. ஆகவே, உத்தியோகத்தின் பொருட்டோ வாணிபத்தின் பொருட்டோ அந்நகரில் வந்து குடியேறும் நம்மவர் பலருக்கு டிராம் முற்றிலும் புதியதொரு வாகனம். பஸ்ஸைப் பார்த்துப் பழகிய கண்ணோடு டிராமைப் பார்த்தல் தகாது. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமைகளை அறிந்துகொண்டால், எச்சரிக்கை விதிகள் தாமே விளங்கும்.

முதல் வேற்றுமை, டிராம் விலகிச் செல்ல இயலாதது என்பது. குறுக்கே ஓர் ஆள் வந்தால் பஸ் ஓட்டுநர் வண்டியைச் சற்றே ஒடித்துத் திருப்பலாம். டிராம் ஓட்டுநருக்கு அவ்வழி இல்லை. காலால் மிதித்து மணியை ஒலிக்கலாம், பிரேக்கைப் போடலாம், அவ்வளவே. எஃகுத் தண்டவாளத்தின்மீது உருளும் எஃகுச் சக்கரத்திற்கு, சாலையின்மீது ரப்பர் டயருக்கு உள்ள பிடிப்பு இராது. மழையில் அப்பிடிப்பு மேலும் குறையும். எனவே பிரேக் போட்ட பின்னும் வண்டி சிறிது தூரம் வந்தே நிற்கும். "மெல்லத்தானே வருகிறது, அதற்குள் கடந்துவிடலாம்" என்று எண்ணுவதே அபாயத்தின் தொடக்கம்.

வங்கக் கவிஞர் ஜீபனானந்த தாஸ் 1954-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் தேசப்பிரியா பூங்காவின் அருகே சாலையைக் கடக்கையில் டிராம் மோதிப் படுகாயமுற்றார். எட்டு நாட்களுக்குப்பின் மருத்துவமனையில் உயிர் நீத்தார். அந்நகரில் நெடுங்காலம் வாழ்ந்தவருக்கே நேர்ந்த கதி இதுவாயின், புதிதாக வந்தோர் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும்!

இரண்டாவது, டிராம் பாதை பெரும்பாலும் இரட்டைப் பாதையாக இருப்பது. ஒரு வண்டி நம்மைக் கடந்து சென்றவுடன் அதன் பின்புறமாக ஓடிக் கடத்தல் கூடாது. அவ்வண்டி மறைத்திருந்த மற்றொரு வண்டி எதிர்த்திசையில் வந்துகொண்டிருக்கலாம். முதல் வண்டி அகன்று, இருபுறமும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த பின்னரே அடியெடுத்து வைத்தல் வேண்டும். இணைத்து ஓட்டப்படும் இரு பெட்டிகளின் இடையே புகுந்து செல்வது உயிரோடு விளையாடுவதாகும்.

மூன்றாவது, ஏறுதலும் இறங்குதலும். பல இடங்களில் தண்டவாளம் சாலையின் நடுவே செல்வதால், நாம் இறங்குமிடம் நடைபாதையன்று. மோட்டார்கள் விரையும் தெருவே ஆகும். வண்டி முற்றிலும் நின்றபின், பின்னாலிருந்து வாகனம் எதுவும் வரவில்லை என்று கண்டறிந்தே இறங்குதல் வேண்டும். ஓடும் வண்டியிலிருந்து இறங்குவோரின் பாதங்கள் தரையில் ஊன்றி நின்றுவிட, உடலோ வண்டியின் வேகத்தோடு முன்னே செல்ல முயல்கிறது. வண்டி செல்லும் திசைக்கு முதுகைக் காட்டி இறங்குவோர் மல்லாந்து வீழ்ந்து தலையில் அடிபடுவது இதனாலேயே.

நான்காவது, சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் செல்வோர் அறியவேண்டியது. சக்கரத்தின் விளிம்பு புகுந்தோடுவதற்காகத் தண்டவாளத்தின் ஓரமாக ஒரு பள்ளம் அமைந்துள்ளது. தண்டவாளத்தை ஒட்டினாற்போல் சாய்வாகக் கடந்தால், டயர் அப்பள்ளத்தில் சிக்கும். அன்றி ஈர எஃகின்மீது வழுக்கும். கூடியவரை குறுக்காக, நேர்கோணத்தில், வேகத்தைத் தணித்துக் கடக்கவேண்டும். தண்டவாளத்தின் மேலே இருக்கும்போது பிரேக் போடுதலும் திடீரெனத் திருப்புதலும் கூடா.

மேலே செல்லும் கம்பியையும் மறத்தலாகாது. அதில் ஓடுவது சுமார் 550 வோல்ட் மின்சாரம். சித்திரை, வைகாசி மாதங்களில் வங்கத்தில் வீசும் புயற்காற்றில் மரங்கள் முறிந்து கம்பிகள் அறுந்து விழுவதுண்டு. வீழ்ந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று எவரும் கருதற்க. அதனை அணுகாது விலகி நின்று, பிறரையும் தடுத்து, போலீசாருக்குத் தெரிவிப்பதே கடமை. அதனைச் சூழ்ந்து தேங்கிய நீரிலும் கால் வைத்தலாகாது.

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், மைதானத்திற்கும் எஸ்பிளனேடிற்கும் இடைப்பட்ட சிறு பகுதி நீங்கலாக டிராம் போக்குவரத்தை நிறுத்தப்போவதாக மேற்கு வங்க அரசு அறிவித்தது. இது பற்றிய வழக்கும் உயர்நீதிமன்றத்தின்முன் இருந்தது. வண்டிகள் அருகியதனால் அபாயமும் அருகிவிட்டது என்று கொள்ளுதல் பிழை. எப்போதோ வரும் வண்டியை எவரும் எதிர்பார்ப்பதில்லை. வண்டியே ஓடாத தெருவிலும் எஞ்சியுள்ள தண்டவாளம் டயரைச் சறுக்கச் செய்யத் தவறுவதில்லை.

நாம் இவற்றை அறிவது மட்டும் போதாது. ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கும் பள்ளி செல்லும் சிறுவருக்கும், தண்டவாளத்தருகே ஒரு முறை கையைப் பிடித்து நிறுத்திக் காட்டி விளக்குவோமாக. டிராம் நமக்காக விலகாது. நாம்தான் அதற்கு விலகவேண்டும்.