சம்பளத்தோடு ஒரு லாரி

நாமக்கல் பட்டறைகளில் பாடி கட்ட வரிசையில் நிற்கும் லாரிகள் எல்லாம் முழுநேர லாரிக்காரர்களுடையவை என்று எண்ணிவிடக் கூடாது. தனியார் கல்லூரியில் பாடம் எடுப்பவர், மில்லில் சூப்பர்வைசர், வங்கியில் வேலை பார்ப்பவர் என்று மாதச் சம்பளத்தோடு “ஒரு வண்டி ஓடட்டுமே” என இறங்கியவர்களும் இந்தப் பக்கம் உண்டு. நல்ல டிரைவர் அமைந்துவிட்டால் வண்டி பாட்டுக்கு ஓடும். வருமான வரி ரிட்டர்ன் போடும்போதுதான் இடிக்கும்.

இவர்களுக்குச் சட்டம் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது. பத்து சரக்கு வண்டிக்கு மேல் இல்லாதவர் கணக்குப் புத்தகம் எழுத வேண்டியதில்லை. ஒரு வண்டிக்கு மாதம் இவ்வளவு லாபம் என்று சட்டமே வைத்துக்கொள்ளும். 1994-இல் வந்த இந்த ஏற்பாட்டுக்கு 44ஏஇ என்று பெயர். 2026 ஏப்ரலிலிருந்து பொருந்தும் புதிய வருமான வரிச் சட்டத்தில் எண் வேறு. ஆடிட்டர்கள் வாயில் இன்னும் கொஞ்ச காலத்துக்கு 44ஏஇ-தான்.

2018-க்கு முந்தைய சில வருடங்களில், வண்டி பெரிதோ சிறிதோ, மாதம் 7,500 ரூபாய் லாபம் என்று காட்டினால் போதுமாக இருந்தது. ஆண்டுக்கு 90,000. 2018 பட்ஜெட் இதை மாற்றியது. மொத்த எடை 12 டன்னைத் தாண்டும் வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றானது. ஏற்றிய லோடை யாரும் பார்ப்பதில்லை, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடைதான் கணக்கு, வண்டியின் சொந்த எடையும் அதில் அடக்கம். அதே ஆண்டு ஜூலையில் மத்திய அரசு எடை வரம்பையும் உயர்த்தியது. பத்துச் சக்கர வண்டி 25 டன்னிலிருந்து சுமார் 28 ஆனது, பன்னிரண்டு சக்கரம் 31-லிருந்து சுமார் 35. கூடுதல் லோடு ஏற்றலாம் என்று சந்தோஷப்பட்டவர்களுக்கு வரியிலும் டன் ஏறியது.

எண்களை வைத்துப் பார்ப்போம். மாதம் 75,000 சம்பளக்காரர் ஒருவர். 9 லட்சத்தில் நிலையான கழிவு 75,000 போக 8,25,000. அவரிடம் 28 டன் வண்டி ஒன்று இருந்தால் 3,36,000 சேரும். மொத்தம் 11,61,000. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை, தப்பித்தார். அதே மனிதர் 35 டன் வண்டி வாங்கியிருந்தால் 4,20,000 சேர்ந்து 12,45,000 ஆகிவிடும். சலுகையெல்லாம் கழித்த பிறகும் செஸ்ஸோடு 46,800 ரூபாய் கட்ட வேண்டும். ஷோரூமில் மைலேஜையும் தவணையையும் துருவித் துருவிக் கேட்பவர்கள் இதைக் கேட்பதில்லை.

ரிட்டர்ன் போடும்போது மொத்தமாகக் கட்டிக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது. கணக்குப் புத்தகம் இல்லாமல் வரி கட்டும் மற்றச் சிறு தொழில்களுக்கு மார்ச் 15-இல் ஒரே தவணையில் முன்வரி கட்டினால் போதும். லாரிக்கு அந்தச் சலுகை இல்லை. வரி 10,000 ரூபாயைத் தொட்டால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என நான்கு தவணை, தவறினால் வட்டி. சம்பளக்காரருக்கு இதில் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. லாரி வருமானத்தையும் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் மாதாமாதம் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். லாரி வைத்திருப்பது முதலாளிக்குத் தெரியக் கூடாது என்று பலர் இதைச் செய்வதில்லை.

வண்டி ஷெட்டில் நின்றால்? அப்போதும் இதே லாபம்தான். 2020 ஊரடங்கில் நின்ற மாதங்களுக்கும் இதுதான் விதி. தவணை பாக்கி இருந்தாலும் உரிமையாளர் நீங்கள்தான். உண்மையில் லாபம் குறைவு என்று காட்ட வேண்டுமானால் முழுக் கணக்கும் எழுதி ஆடிட் செய்ய வேண்டும். அப்படி நஷ்டமே காட்டினாலும் அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. உரிய தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால் எட்டு வருடத்துக்குள் வரும் தொழில் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

முழுக் கணக்கு எழுதுவதென்றால் டிரைவர் கொடுக்கும் டிரிப் நோட்டிலிருந்து தொடங்க வேண்டும். டீசல், டோல், பேட்டா, ஏற்றுக்கூலி எல்லாம் செலவு. தவணையில் வட்டி மட்டும் செலவு, அசல் இல்லை. “போலீஸ் 200” என்ற வரியும் நோட்டில் இருக்கும். டீசலைப் போலவே அதுவும் செலவு என்பது ரோட்டின் நியாயம். லஞ்சத்தைச் செலவாகக் கழிக்கச் சட்டம் விடாது.

அரசு ஊழியர்கள் தனியே தொழில் செய்ய நடத்தை விதி இடம் கொடுப்பதில்லை. அதனால் வண்டி வீட்டம்மா பேரில் ஓடும். மனைவியின் சொந்த நகையை அடகு வைத்து, கடனை வண்டி வாடகையிலேயே அடைத்திருந்தால் அது அவர் வருமானம். கணவர் சம்பளத்திலிருந்து முன்பணம் கொடுத்திருந்தால் அந்தப் பங்குக்கான லாபம் கணவர் கணக்கிலேயே வந்து சேரும். ஆர்.சி. புத்தகத்தில் பேர் மாறினால் வரியும் மாறிவிடும் என்ற நம்பிக்கை இந்த ஊரில் ரொம்பப் பழையது.

விற்கும்போது இன்னொன்று இருக்கிறது, பலரைத் திடுக்கிட வைப்பது இதுதான். கணக்கே எழுதாவிட்டாலும் வருடம் 30 சதவீதம் தேய்மானம் கழித்ததாகச் சட்டம் வைத்துக்கொள்ளும். 40 லட்ச ரூபாய் வண்டி மூன்று முழு வருடத்தில் காகிதத்தில் 13,72,000 ஆகிவிடும். இருக்கும் ஒரே வண்டியை நான்காம் வருடம் 22 லட்சத்துக்கு விற்றால், கையில் நஷ்டம் 18 லட்சம் என்று நினைக்கும் அதே மனிதருக்கு 8,28,000 ரூபாய் குறுகிய கால ஆதாயம் என்று வரி விழும். விற்கும் தேதியையும் பார்க்க வேண்டும், மாதத்தில் ஒரு நாள் வைத்திருந்தாலும் முழு மாத லாபம் சேரும். விலை பேசி முடித்தவர்கள் பெயர் மாற்றத்தை அடுத்த மாதம் 2-ஆம் தேதிக்குத் தள்ளாமல் மாதக் கடைசிக்குள் முடித்துக்கொண்டால், 35 டன் வண்டிக்கு 35,000 ரூபாய் கணக்கிலிருந்து குறையும்.